மூடிக்கு அடியில் ஒரு துணி

சமுத்திரத்துக்குக் காய்ச்சல் வந்தது ஐப்பசி அடைமழையின் மூன்றாவது நாள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். மழைக்கு ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டு, ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் தொண்ணூறு பேர் ஈர உடுப்போடு நெருக்கி நிற்க, அத்தனை பேருடைய இருமலுக்கும் தும்மலுக்கும் நடுவே முன்படிக்கும் பின்படிக்கும் முட்டிமோதிப் போய்வருகிற தொழில். அந்த வாரம் ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். இவருக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

முதல் இரண்டு நாள் சுக்குக் கஷாயத்தில் போயிற்று. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நாலாம் நாள் மனைவி யோகேஸ்வரி ஆட்டோ பிடித்து, ராஜபாளையத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். புளூ காய்ச்சல், நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் அவர் தானே எழுந்து நடந்து கழிப்பறைக்குப் போய்வந்ததைப் பார்த்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரையை மட்டும் வட்டமிட்டு, ‘ஐந்து நாள் மட்டும்’ என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் யோகேஸ்வரியின் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது.

“ஏட்டி யோகு, இன்னும் ரெண்டு தோசை போடு. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைக்குள்ள ஒரு குதிரையைக் கட்டிப் போட்டிருக்கானுவ.”

“குதிரைக்குக் கொள்ளுதான் போடுவாவ. தோசை இல்ல. சுகர் எம்புட்டு இருக்குன்னு தெரியும்லா?”

“அது கிடக்கு கழுத.”

“குதிரையா, கழுதையா? ஒண்ணு சொல்லுங்க.”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது. ஆனாலும் சிரித்தாரே என்று அவளுக்கு நிம்மதி. எந்தக் காரியத்தையும் குறித்து வைத்துச் செய்கிறவள் அவள். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் மாத்திரை கொடுத்ததும் ஒரு டிக் போட்டாள். ஐந்தாவது டிக் போட்ட அன்று வெற்று அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டாள். அதற்கு இரண்டு நாள் கழித்து சமுத்திரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இன்னும் ஒரு வாரம் இருங்கள் என்று அவள் தடுத்துப் பார்த்தாள். “படுத்தே கிடந்தா மூட்டெல்லாம் பூட்டிக்கிடும்” என்று சொல்லிவிட்டார்.

யோகேஸ்வரிக்கு வேலை பேண்டேஜ் கம்பெனியில். காயத்துக்கு வைத்துக் கட்டுகிற மெல்லிய காஸ் துணி அங்கே ரோல் ரோலாக வந்து இறங்கும். அடியில் ட்யூப் லைட் எரிகிற கண்ணாடி மேஜையின் மேல் அதை இழுத்து இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. நூல் அறுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூஞ்சை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பாதி ஈரத்தோடு அடுக்கிவிட்ட துணிக் கட்டுக்குள் அது வரும். கடுகில் பாதி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. பதினாறு வருஷத்தில் அந்தப் புள்ளி அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை என்று சூப்பர்வைசர் தேவநேசனே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

புள்ளி விழுந்த ரோல் அப்படியே பாய்லர் அடுப்புக்குப் போக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஆனால் நாலு முழத்தில் புள்ளி இருந்தால் மீதி நாற்பது முழமும் வெள்ளை வெளேரென்றுதானே இருக்கிறது! அதை நெருப்பில் போட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? சாப்பாட்டுப் பையில் மடித்துக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்தத் தெருவில் பால் வடிகட்டுவதற்கும், புட்டு அவிப்பதற்கும், குடத்து வாயில் கட்டுவதற்கும், பஸ்ஸில் கொண்டுபோகிற மோர்ச் செம்பு சிந்தாமல் மூடிக்கு அடியில் வைத்து இறுக்குவதற்கும் அந்தத் துணிதான். ஆவணியில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பியதிலிருந்து தேவநேசன் மாறிவிட்டார். “பூஞ்சத் துணி ஒரு சாண் வெளிய போனாலும் சரி, கொண்டுபோனவங்க அப்படியே வீட்டோட இருந்துக்கிடலாம்” என்று சொல்லி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். யோகேஸ்வரியும் போட்டாள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற துணியை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. சமுத்திரத்துக்குச் சாயங்காலமானால் உடம்பு சுட்டது. மூச்சை இழுக்கும்போது வலது விலாவில் ஊசி குத்துகிறது என்றார். ஒரு நாள் காலை அவர் பல் தேய்த்துவிட்டுப் போன பின் வாஷ்பேசினைக் கழுவப் போன யோகேஸ்வரி அப்படியே நின்றாள். வெள்ளைப் பீங்கானில் சளியோடு சளியாக ஒரு சிவப்பு நூல்.

“ஏங்க, வெத்தலை போட்டீயளா?”

“காலங்காத்தால யாரு வெத்தலை போடுவா?”

“அப்போ இது என்ன?”

அவர் வந்து பார்த்தார். குழாயைத் திறந்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் எலினா என்று ஒரு நெஞ்சு டாக்டர் இருந்தார். நாற்பது வயசு இருக்கும். நாசரேத்துப் பக்கத்து ஆள். அவசரமில்லாமல் பேசுவார். ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் யோகேஸ்வரி தன் மேஜையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள். கறுப்பு நெஞ்சுக்குள் வெள்ளையாக நாலைந்து உருண்டைகள். வலப்பக்கம் மேலே இருந்த உருண்டையின் நடுவில் ஓர் ஓட்டை.

“இது பழைய காய்ச்சலோட மிச்சம் இல்ல. புதுசு” என்றார் டாக்டர். “டிபியா இருக்கலாம். வேற கிருமியா இருக்கலாம். பூஞ்சையாவும் இருக்கலாம்.”

“பூஞ்சையா? துணியில வருமே, அதா மேடம்?”

“அந்த வகைதாம்மா. அது காத்துல எப்பவும் இருக்கும். நீங்களும் நானும் இப்பக்கூட இழுத்துக்கிட்டுதான் இருக்கோம். நல்ல நெஞ்சு அதை வெளிய தள்ளிரும். புளூ மாதிரி ஒண்ணு வந்து உள்ளெல்லாம் புண்ணாக்கிட்டுப் போனா, அந்த நெஞ்சால தள்ள முடியாது. இவருக்கு சுகரும் இருக்கு. ஸ்டீராய்டு வேற கொடுத்திருக்காங்க, அந்த வட்டமிட்ட மாத்திரை. அது உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். மூச்சுக்கு அப்போ அது தேவைதான், தப்புச் சொல்லல. எத்தனை நாள் சாப்பிட்டீங்க?”

“அஞ்சு நாள்” என்றார் சமுத்திரம்.

யோகேஸ்வரியும் தலையாட்டினாள். காலண்டரில் ஐந்து டிக் இருந்தது.

உடனே படுக்கையில் சேரச் சொன்னார் டாக்டர். வீட்டைப் பூட்டிவிட்டு விடிந்ததும் வருகிறோம் என்று சமுத்திரம் ஒரு நாள் தவணை வாங்கினார். சரி என்று டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி அதில் சளி எடுக்க வேண்டும். உள்ளே விரல் படக் கூடாது. இறுக்கி மூட வேண்டும். அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் காலை எல்லாம் சொன்னபடியே நடந்தது. மூடியில்தான் சிக்கல். மரை ஒரு பக்கம் ஏறாமல் நழுவியது. அரை மணி நேர பஸ் குலுக்கலில் சிந்தினால் எல்லாம் வீண். யோகேஸ்வரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அலமாரியிலிருந்து, கம்பெனித் துணி வைத்திருந்த தகர டப்பாவை எடுத்து, காஸ் துணியில் ஒரு சதுரம் வெட்டி, நாலாக மடித்து, டப்பாவின் வாயில் வைத்து மூடியைத் திருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. நோயாளி வீட்டில் காலையில் ஒரு வேலையாவது ஒழுங்காக முடிந்ததே என்று இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரி லேபில் இருந்த பெண் மூடியைத் திறந்து, துணியை இடுக்கியால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் சீட்டு ஒட்டினாள்.

சமுத்திரத்தை மேல்மாடி வார்டில் சேர்த்தார்கள். சுரமும் மூச்சிரைப்பும் இருந்தன. இருமல் மட்டும் வறண்டுவிட்டது. மறுபடி சளி எடுக்கப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் டாக்டர் எலினா ரிப்போர்ட்டோடு வந்தார்.

“டிபி இல்ல. பூஞ்சை வளர்ந்திருக்கு” என்று யோகேஸ்வரியிடம் சொன்னார். “சளியில பூஞ்சை வளர்ந்தா நாங்க உடனே நம்பிர மாட்டோம். வெளிய இருந்து ஒட்டிக்கிட்டதாவும் இருக்கலாம். ஸ்கேனோட ஒத்துப்போகுது, அதனாலதான் கேக்கேன். நான் சொன்னபடிதான எடுத்தீங்க? உள்ள வேற எதுவும் படலியே?”

யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். தகர டப்பா கண்ணுக்குள் வந்தது. கையெழுத்துப் போட்ட நோட்டு வந்தது. பூஞ்சையை ஊருக்கெல்லாம் பிரித்துக் காட்டுகிற கண் தன்னுடையது என்கிற பெயரும் கூடவே வந்து நின்றது.

“படல மேடம்.”

பதில் அவள் நினைத்ததைவிட வேகமாக வந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு மருந்து எழுதினார்.

அன்றே பூஞ்சைக்கான மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அந்த மருந்து ஏறியதும் சமுத்திரத்தின் கண்ணுக்கு இல்லாத நிறங்களெல்லாம் தெரிந்தன. சிலருக்கு அப்படித் தெரியும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள்.

“செல்வி, ஒம் மதினி எனக்குப் பச்சையால்லா தெரியுதா” என்றார் தங்கையிடம். பாண்டிசெல்வி அவருடைய ஒரே தங்கை. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வேலை. அண்ணனுக்கு முடியவில்லை என்றதும் மெஷினை மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“நான் எப்படித் தெரியுதேன்?”

“நீ நைட்டிக் கடை பொம்மை மாதிரி பூப்பூவா தெரியுத.”

“சீக்கு வந்தும் வாய் அடங்குதா பாரு” என்றாள் பாண்டிசெல்வி. முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மருந்து தொடங்கிய ஆறாம் நாள் அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. மருந்து காட்டும் நிறம் இல்லை, எல்லார் கண்ணுக்கும் தெரிந்த மஞ்சள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் எலினா பெண்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஈரல் தாங்கல. மருந்தோட வேலை. இதை நிறுத்துனா பூஞ்சை நெஞ்சுக்குள்ள ரத்தக் குழாயைத் தின்னும். தொடர்ந்தா ஈரல் போயிரும். வேற ஒரு மருந்து மதுரையில இருந்து வரவழைக்கணும். அதுவும் லேசு இல்ல, மூணு மாசம் கொடுக்கணும். பூஞ்சை இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் இவ்வளவும் செய்யலாம்.”

“நிச்சயமாத் தெரிய வழி இல்லியா மேடம்?” என்று யோகேஸ்வரி கேட்டாள்.

“இருக்கு. மூச்சுக் குழாய் வழியா ஒரு ட்யூப் விட்டு, அந்த உருண்டைக்குப் பக்கத்துல இருந்தே தண்ணி எடுத்துப் பாக்கணும். ஆனா இவருக்கு இருக்க மூச்சுக்கு அது ஆபத்து. உள்ள ரத்தம் வர ஆரம்பிச்சா நிறுத்துறது கஷ்டம். உங்க சளி ரிப்போர்ட் ஒண்ணு கையில இருக்கு. அதனாலதான் ட்யூபுக்குப் போகாம இருக்கேன்.”

வெளியே வந்து படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே பால்கோவாக் கடை வாசலில் வெளியூர் வேன் ஒன்று நின்றது. யோகேஸ்வரி சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, மூடிக்கு அடியில் வைத்த துணியின் கதையை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். பாண்டிசெல்வி கேட்டு முடிக்கும் வரை அசையவில்லை.

“மதினி, இதை இங்கனயே விட்டுருங்க. யாருட்டயும் சொல்லாதீய.”

“துணியில இருந்து வந்த பூஞ்சைன்னா, இல்லாத சீக்குக்கு மருந்து ஏத்தி அவர் ஈரலைக் கெடுத்துக்கிட்டு இருக்கோம் செல்வி.”

“துணியில இருந்து வரலன்னா? நெஞ்சுலயே இருந்ததுன்னா? நீங்க போயிச் சொல்லுவீய, அவிய ட்யூப விடுவாவ, எங்க அண்ணன் அந்த மேசையிலயே போயிட்டாருன்னா? அப்போ யாருட்டப் போயி என்ன சொல்லுவீய?”

பாண்டிசெல்வி சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. சொன்னால் டாக்டர் ட்யூபுக்குப் போவார். சொல்லாவிட்டால், தான் சொன்ன ஒரு பொய்யை நம்பி மூன்று மாதம் மருந்து ஏற்றுவார். இரண்டில் எது அவரைக் கொல்லும் என்று அவளுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி டாக்டரிடம் இல்லை. அது ராஜபாளையத்தில் ஓர் அலமாரியில் இருந்தது.

மத்தியானம் பஸ் ஏறினாள். டிரைவர் சமுத்திரத்தோடு வேலை பார்க்கிறவர்தான். “அண்ணன் எப்படி இருக்காரு மதினி?” என்று கேட்டார். “இருக்காரு” என்றாள்.

வீட்டைத் திறந்து, தகர டப்பாவில் மீதி இருந்த துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். முதல் மடிப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. வெட்டி எடுத்த ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, மூன்றாவது மடிப்பில் இரண்டு புள்ளிகள் இருந்தன. சாம்பல் நிறம். கம்பெனி மேஜை என்றால் இந்நேரம் சிவப்புப் பென்சிலால் சுழித்து, ரோலைத் தூக்கி ஓரமாகப் போட்டிருப்பாள். எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும், லாரி வாசலில் நின்றாலும், தேவநேசனே முகத்தைச் சுளித்தாலும், இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் அவளுக்கு அங்கே நாற்காலி. அதைச் செய்யாத ஒரே இடம் தன் புருஷன் படுத்திருக்கிற இடம். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

சாயங்காலம் டாக்டர் எலினா வார்டுக்கு வந்தபோது யோகேஸ்வரி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். பாண்டிசெல்வி கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள்.

“மேடம், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். யோகேஸ்வரி டப்பாவைத் திறந்து துணியை விரித்து, இரண்டு புள்ளிகளையும் காட்டினாள். மூடியின் மரையைப் பற்றிச் சொன்னாள். துணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னாள். கம்பெனியில் கையெழுத்துப் போட்டதைக்கூட விடவில்லை. சொல்லும்போது சமுத்திரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா.”

“ஆமா மேடம்.”

“ரிப்போர்ட்டை இனி நம்ப முடியாது. நான் மொதல்ல இருந்து யோசிக்கணும்.”

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. “டாக்டரம்மா, நானும் ஒண்ணு சொல்லணும்.”

மூவரும் திரும்பினார்கள். சமுத்திரம் தலையணையில் சாய்ந்தபடி ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டார். விட்டு விட்டுப் பேசினார்.

“அந்த வெள்ளை மாத்திரை. அஞ்சு நாள் இல்ல. இவ கூடையில போட்ட அட்டையை நான் எடுத்துக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல்ல காட்டி வாங்கினேன். அதைப் போட்டாத்தான் படி ஏற முடிஞ்சுது. போடலன்னா கால் நகரல. நாளைக்கு நிறுத்திருவோம், நாளைக்கு நிறுத்திருவோம்னு...”

“எத்தனை நாள்?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“எப்போ நிறுத்தினீங்க?”

அவர் கண், வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த கண்டக்டர் பைக்குப் போயிற்று. டாக்டர் குனிந்து பையைத் திறந்தார். டிக்கெட் மெஷின் கவருக்குள் பாதி தீர்ந்த அட்டை ஒன்று இருந்தது.

“இங்க வந்த பொறவுமா?” என்றார் டாக்டர். அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது.

பாண்டிசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணே, ஒனக்குப் புத்தி எங்க போச்சு? அவ அங்க டிக் போட்டுக்கிட்டு இருந்திருக்கா, நீ குப்பையில அட்டை பொறுக்கிக்கிட்டு இருந்திருக்க! நல்ல புருசன், நல்ல பொண்டாட்டி! ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரைக் கண்ணக் கட்டி விட்டிருக்கீய!”

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“சுகர் உள்ள ஆளு. புளூ வந்த நெஞ்சு. ஒரு மாசம் இந்த மாத்திரை. இது மொதல் நாளே தெரிஞ்சிருந்தா டிபின்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன். இனி இதைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது, நான் சொல்லுறபடிதான் குறைக்கணும். பூஞ்சை நெஞ்சுல இருக்குன்னுதான் நான் இப்போ நினைக்கேன். ஆனா நினைச்சுக்கிட்டு மூணு மாசம் மருந்து ஏத்த முடியாது. காலையில ட்யூப் விடுவோம். மதுரைக்கு இப்பவே போன் பண்ணுதேன். மருந்து வழியில வந்துக்கிட்டு இருக்கட்டும்.”

டாக்டர் போன பின் சமுத்திரம், “கையெழுத்துப் போட்ட அன்னைக்கே அந்தத் துணியைத் தூக்கிப் போட்டிருக்கலாம்லாட்டி” என்றார்.

“அட்டையை நான் கூடையில போடாம அடுப்புல போட்டிருக்கலாம்” என்றாள் யோகேஸ்வரி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரைக் கொண்டுபோனார்கள். எது நடந்தாலும் சம்மதம் என்கிற தாளில் யோகேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். பேனா எழுத மறுத்தது. உதறி உதறி எழுதினாள். பாண்டிசெல்வி பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். இந்தக் கோடிக்கு வரவில்லை. ஒரு தடவை கதவு திறந்து ஒரு நர்ஸ் ஓடினாள். கையில் ரத்தம் துடைத்த பஞ்சு. யோகேஸ்வரி எழுந்தாள். நின்றாள். மறுபடி உட்காரத் தெரியவில்லை. கதவு மூடியே இருந்தது. உள்ளே யாரோ, “மெதுவா, மெதுவா” என்று சொல்வது கேட்டது. அது டாக்டரின் குரலா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வார்டில் பச்சைப் பொண்டாட்டி, பூப்போட்ட தங்கச்சி என்று எதையாவது பேசிக்கொண்டு கிடப்பார் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவளால் தள்ள முடியவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். கண் மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. “கொஞ்சம் ரத்தம் வந்தது, நின்னுட்டு” என்றார் டாக்டர். அப்போதுதான் பாண்டிசெல்வி பெஞ்சின் இந்தக் கோடிக்கு வந்து, யோகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

முடிவு வர இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளில் யோகேஸ்வரி ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். நெஞ்சில் ஒன்றும் இருக்கக் கூடாது, எல்லாம் துணியோடு போகட்டும் என்று. வாயால் அப்படித்தான் வேண்டினாள்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நெஞ்சுல இருந்து எடுத்த தண்ணியிலயே அது இருக்கும்மா. டெஸ்ட்ல தெளிவா வந்திருக்கு. அதே பூஞ்சை. உங்க துணியால வந்த சந்தேகம் இல்ல. நெஞ்சுலதான் இருக்கு.”

யோகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் லேசானது. மூச்சு ஒரு பெருமூச்சாக வெளியே போனது. துணி இல்லை. நான் இல்லை. அவள் உதடு விரிந்துகூட இருக்கலாம். ஏனென்றால் டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் தனக்குச் சொல்லப்பட்டது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. புருஷனின் நெஞ்சுக்குள் பூஞ்சை வேர்விட்டிருக்கிறது, ரத்தக் குழாயைத் தின்கிற பூஞ்சை என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

“புது மருந்து மத்தியானம் வந்திரும்” என்றார் டாக்டர். “ஈரல் இதைத் தாங்கும்னு நம்புறேன். ஆனா அந்த ஓட்டை விழுந்த இடம் பழையபடி ஆகாது. பஸ்ல நின்னு வேலை பாக்குறது இனி கஷ்டம். மூணு மாசத்துல என்ன ஆகும்னு இப்ப நான் வாக்குக் கொடுக்க முடியாது. நேத்து வரைக்கும் இருட்டுல கல்லெறிஞ்சுக்கிட்டு இருந்தோம். இனி அப்படி இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

வார்டுக்கு வந்தாள். பாண்டிசெல்வி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். சமுத்திரம் விழித்திருந்தார். ட்யூப் போய்வந்த தொண்டை கட்டியிருந்தது.

“என்ன சொன்னாவ?”

“நெஞ்சுலதான் இருக்காம். துணி இல்லையாம்.”

அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நான் போட்ட மாத்திரைதான்.”

“அது மட்டும்னு சொல்ல முடியாதாம். புளூ வந்த நெஞ்சு, சுகரு, எல்லாம் சேந்துதானாம். பூஞ்சை காத்துல கிடக்காம். எல்லாரும் இழுக்கதுதானாம்.”

“எல்லாரும் இழுக்கதுதான்” என்றார் அவரும்.

அவள் நின்றபடியே இருந்தாள். இதையும் மறைத்தால் இன்னொரு துணியை மூடிக்கு அடியில் வைப்பதுதான் என்று தோன்றியது.

“நெஞ்சுலதான் இருக்குன்னு சொன்னப்போ எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. என்னால வந்தது இல்லையேன்னு. ஒரு நிமிசம். மறைக்கல, சொல்லிட்டேன்.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. கோபமா, வருத்தமா என்று முகத்தில் படிக்க முடியவில்லை. வெகுநேரம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். அவள் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைக்கத் தொடங்கியபோது, அவர் போர்வைக்குள் இரண்டு காலையும் மெதுவாகச் சுவர்ப் பக்கம் ஒதுக்கினார். கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.

யோகேஸ்வரி உட்கார்ந்தாள்.